பெட்டியில் மீன் இல்லை

மீன் இல்லை, தம்பி. மூக்கைச் சுளிக்க வேண்டாம். தூத்துக்குடியில் ஒருவன் தெர்மோகோல் பெட்டியோடு பஸ் ஏறினால் மீன்தான் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா? கண்டக்டரும் அப்படித்தான் படியிலேயே மறித்துக்கொண்டார். "பெரியவரே, மீனு ஏத்தக் கூடாது. நாத்தம் வந்தா ஆளுக எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க" என்றார். மீன் இல்லை என்றேன். "அப்ப என்ன, நண்டா?" என்றார். அவருக்கு அது நகைச்சுவை. மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். முடியாது என்றேன். திறந்தால் குளிர் போய்விடும். நாற்பத்தைந்து வருடம் பிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன் நான். காரணமில்லாமல் மூடியைத் திறக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கடைசியில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு விட்டார். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுப்பது மோந்து பார்க்கத்தான் போலிருக்கிறது.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். பெட்டிமேல் வெயில் அடிக்கிறது. இல்லை, நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள், நான் உள்ளே போகிறேன். வேண்டாமா? சரி. துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறேன்.

உள்ளே ஐஸுக்கு நடுவில் இருப்பது ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கிற பெட்டி. தடித்த ஜெபப்புத்தகம் அளவுதான் இருக்கும். என் மகளுடையது. அவளுடைய மூன்று வருட உழைப்பு முழுவதும் அதற்குள் இருந்தது. இருக்கிறதா, போய்விட்டதா என்பதை மதுரையில் ஒருவர் சொல்லப் போகிறார். கெட்டுப்போன டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுக்கிறவராம். மகள் நாக்பூரிலிருந்து ரயிலில் வந்து காலையிலேயே மதுரையில் இறங்கிவிட்டாள். அவளிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

ஐஸ் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கேட்காமல் இருந்தால் நன்றாயிருக்கும். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மதுரை வரை வேறு என்ன வேலை நமக்கு?

என் மகள் பெயர் ஜெனோவா. ஒரே பிள்ளை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எதில் என்று கேட்டு நீங்களும் சிரித்துவிடுங்கள். தவளையில். தவளை கத்துவதில். எந்தக் குளத்தில் எந்தத் தவளை எப்படிக் கத்துகிறது, எத்தனை தடவை கத்துகிறது, ஏன் கத்துகிறது. மழை பெய்தால் தவளை கத்தும் என்று சொல்ல மூன்று வருடம் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். "யப்பா, நீங்க கம்ப்ரஸர் சத்தத்தை வச்சே கோளாறு சொல்லுவீங்கள்ல, அது மாதிரிதான்" என்றாள். அவளுக்கு வாய் அவள் அம்மாவைப் போல.

மழை விட்ட சாயங்காலம்தான் தவளை கத்தும். குளத்தங்கரைக்கு ஒரு பெண்பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்ப? என் ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வருடம். பதினோரு குளம். அவள் மைக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். நான் இருபது தப்படி தள்ளி நிற்க வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது, கொசுவை அடிக்கக் கூடாது. அரை மணி நேரம். இருபது நிமிஷம் பொறுப்பேன். அதற்குமேல் மனுஷனால் முடியுமா? "முடிஞ்சிதா பிள்ள?" என்று கேட்டுவிடுவேன். அவ்வளவுதான், அன்றைய பதிவில் அதுவும் ஏறிவிடும்.

அவளுக்கு மேலே வழிகாட்டி என்று ஒரு பேராசிரியர் அம்மா. எல்லாப் பதிவையும் இவள் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? "முடிஞ்சிதா பிள்ள என்று கத்துகிற இனம் பதினோரு குளத்திலும் பரவலாகக் காணப்படுகிறது." இதைப் பிள்ளை வீட்டில் வந்து படித்துக் காட்டி, அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவ்வளவு படித்தவருக்கு அவ்வளவுதான் நகைச்சுவை. கண்டக்டருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

அந்தப் பதினொன்றில் கொம்பன் குளம் என்று ஒன்று இருந்தது. அங்கே மட்டும் ஒரு தவளை, மரக்கதவு திறக்கிற மாதிரி கத்தும். வேறு எங்கேயும் அது இல்லையாம். அதை வைத்துத்தான் அவள் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கிற புத்தகமே நிற்கிறது. போன வருடம் அந்தக் குளத்தில் மண் கொட்டி மூடிவிட்டார்கள். லாரி நிறுத்த. இப்போது அங்கே லாரிதான் கத்துகிறது. ஆகவே திரும்பப் போய்ப் பதிவு செய்ய முடியாது. அது இருப்பது இதற்குள் மட்டும்தான். புரிகிறதா? சரி.

தண்ணீர் வேண்டாம். குடித்தால் இறங்க வேண்டி வரும்.

அவளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. பிரிட்டோ என்று பெயர். நல்ல பையன், ஆனால் பேசுவான். ஏப்ரல் மாசம் இவள் அங்கே போகப் புறப்பட்டபோது, லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் இதில் ஏற்றினாள். மெத்தைமேல் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கின இட்லிச் சட்டி மாதிரி இருந்தது. கீழே காற்றுப் போக வழியில்லாமல் எந்த மோட்டாரை ஓட்டினாலும் அப்படித்தான் ஆகும் என்றேன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "யப்பா, நாக்பூர்ல நாப்பத்தஞ்சு டிகிரி வெயில். இது அங்க தாங்காது. நான் லேப்டாப்பை மட்டும் கொண்டுபோறேன். இது இங்க உங்ககிட்டயே இருக்கட்டும். சூடு படாம குளிர்ச்சியான எடத்துல வச்சிக்கிடுங்க" என்றாள்.

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த மாப்பிள்ளை உடனே நடுவில் வந்தான். "மாமா, பேனுக்குக் கீழ ஒரு ஷெல்ஃப்ல வச்சாப் போதும்."

பேன். மின்விசிறி குளிர வைக்கிறது என்று நினைக்கிறவன் ரயில்வேயில் இஞ்சினியர். வேர்த்த உடம்புக்குத்தான் தம்பி விசிறி. வேர்க்காத இரும்புக்கு அது என்ன செய்யும்? மாடியில் காய்ந்த சூட்டை எடுத்துக் கீழே தள்ளும். என் வீடு காங்கிரீட் மொட்டை மாடி. மதியம் அறைக்குள்ளேயே முப்பத்தாறு டிகிரி. என்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது, உத்தேசமாகச் சொல்லவில்லை. இதெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. புதிதாகக் கல்யாணமானவன்.

குளிரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. ஒருத்தன் இருந்தான், சிலுவை என்று. இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவன், நரைத்தும் புத்தி வரவில்லை. ஒரு கறிக்கடையில் பெரிய பிரீசர். அதற்குள் இருக்கிற கன்ட்ரோல் கார்டைக் கழற்றி, அப்படியே ஜில்லென்று கொண்டுவந்து மேஜையில் வைத்துக் கரண்டைக் கொடுத்தான். பட்டென்று போய்விட்டது. பத்துப் பேர் முன்னால் கேட்டேன்: "ஏல, குளுந்த சாமானை வெளிய எடுத்தா வேர்க்குமா வேர்க்காதா? மேல மட்டுமா வேர்க்கும், சந்து பொந்தெல்லாம் வேர்க்கும். வேர்த்ததுக்குக் கரண்டக் குடுத்தா அது என்ன செய்யும், பாட்டுப் பாடுமா? ஒரு நாள் சும்மா போட்டு வைக்கணும்ல." தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடுத்த மாசம் வேலையை விட்டுவிட்டான். இப்போது அவனுக்கு நாலு ஏசி கடை. நாட்டில் யாருக்கு என்ன வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே இதைப் பிரிட்ஜில் வைத்தேன்.

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள். சும்மா கொண்டுபோய்த் திணிக்கவில்லை. டிஸ்க்கின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குளிர்ந்த இடத்தில் வை, ஈரம் கூடாது என்று போட்டிருப்பதாகப் பிள்ளை படித்துச் சொன்னாள். பிரிட்ஜுக்குள் இருக்கிற காற்றைப் போல ஈரமில்லாத காற்று தூத்துக்குடியில் எங்கேயும் கிடையாது. கடலோரம், உப்புக் காற்று. இதெல்லாம் யோசித்துத்தான் வைத்தேன். ஈரத்தை விடுகிற சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று மொத்தத்தையும் வெளியே எடுத்துவிட்டேன். மாவு, தயிர், கீரை, மீன் குழம்பு. கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினேன். நடுத் தட்டில் ஒரு வெள்ளைத் துணி விரித்து டிஸ்க்கை வைத்தேன். நாலு டிகிரி. அசையாது.

என் மனைவி செலஸ்டின் கதவைத் திறந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய பிரிட்ஜில் இது மட்டும் தனியாக இருக்கிறது. "ஏங்க, மாவை எங்க வைக்க?" என்றாள். பக்கத்து வீட்டில் வை என்றேன். "மத்ததை?" அதையும் என்றேன். "பேசாம என்னையும் அங்கயே அனுப்பிருங்க" என்றாள். அப்புறம் கேட்டாள்: "ஜெனோட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வைக்கலாம்ல?"

குளிரைப் பற்றி நான் அவளிடம் கேட்பதா? தவளையைப் பற்றி என்றால் கேட்பேன்.

நாலு மாசம், தம்பி. நாலு மாசம் இவள் தினமும் பக்கத்து வீட்டுக்குப் போய் மாவு எடுத்துக்கொண்டு வந்தாள். தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரோசம்மாள் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அண்ணே, டிஸ்க்குக்குக் காச்சல் விட்டுருச்சா?" என்பாள். அவள் பிரிட்ஜ் கதவு ரப்பர் பிய்ந்து தொங்குகிறது. அதை மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இனி மாட்டேன்.

வாரா வாரம் பிள்ளை போன் பண்ணுவாள். "டிஸ்க் பத்திரமா இருக்காப்பா?" "இருக்கு." "சூடு ஒண்ணும் இல்லியே?" "ஜில்லுன்னு இருக்கு." சிரிப்பாள். வேறு ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்?

எந்த ஊர் வந்திருக்கிறது? எட்டயபுரமா? இன்னும் எட்டயபுரம்தானா? இந்த டிரைவருக்கு வீட்டில் வேலை ஒன்றும் இல்லை போல.

வைத்ததோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். ஓடாமல் கிடக்கிற எந்த மோட்டாரும் பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறேன் என்று பிரிட்ஜை மூன்று மாசம் நிறுத்தி வைப்பார்கள். திரும்பி வந்து போட்டால் உம் என்று ஒரு முனகல், அவ்வளவுதான், கம்ப்ரஸர் ஜாம். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். வாரம் அரை மணி நேரம் ஓட விடுங்கள் என்று வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். டிஸ்க்குக்குள்ளும் மோட்டார்தானே சுற்றுகிறது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாக அதை வெளியே எடுப்பேன். அதற்கென்று தனியாக ஒரு கரண்ட் வயர் உண்டு. மாட்டினால் கம்ப்யூட்டர் இல்லாமலே சுற்றும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன். ஒரு ஞாயிறு தவறியதில்லை. காய்ச்சலில் படுத்த ஞாயிறுகூடப் பூசைக்குத்தான் போகவில்லை, இதை ஓட்டினேன்.

எடுத்ததும் மேலே லேசாக வேர்க்கும். துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பேன். நான் ஒன்றும் சிலுவை இல்லை.

திருப்புளியின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். கம்ப்ரஸரை அப்படித்தான் கேட்பது. முதல் ஒரு மாசம் தேன் ஊற்றுகிற மாதிரி ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு, டிக். ஒரே ஒரு டிக். அடுத்த வாரம் இரண்டு. ஜூன் கடைசியில் டிக் டிக் டிக் என்று பல்லி மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. சூடு. வெயில் இந்த வருஷம் அப்படி. ஓடுகிற அரை மணி நேரத்தில் அறைச் சூடு அதற்குள் இறங்குகிறது. இதற்கு என்ன வைத்தியம்? இன்னும் குளிர வைக்க வேண்டும். நடுத் தட்டிலிருந்து எடுத்து மேலே பிரீசரில் வைத்தேன். அரை மணி ஓட்டத்தை ஒரு மணியாக்கினேன், ஜாம் விடட்டும் என்று.

செலஸ்டின் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஏங்க அழுவுது?" என்றாள். டிஸ்க்கிலிருந்து சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. பிரீசரிலிருந்து எடுத்தால் கொஞ்சம் அதிகமாகத்தான் வேர்க்கும், துடைத்தால் போச்சு, நீ உன் வேலையைப் பார் என்றேன்.

இதற்குள் நாக்பூரில் ஒரு கூத்து. லேப்டாப்பின் திரை உடைந்துவிட்டது என்று ஏதோ ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். திரையை மாற்றச் சொன்னால் திரையை மாற்ற வேண்டும். அந்தப் புண்ணியவான் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டால், "பேக்கப் இருக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றானாம். பிரிட்ஜைப் பழுது பார்க்கப் போன இடத்தில் நான் ஒரு நாள் அவர்கள் வீட்டுத் தயிரைக் கொட்டியிருப்பேனா? மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பிள்ளை போனில் அழவில்லை. "நல்லவேளை, உங்ககிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள். கொம்பன் குளத்துப் பதிவை மட்டும் உடனே அனுப்பச் சொன்னாள். செப்டம்பர் முடிவதற்குள் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும், ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது, இனித் தர மாட்டார்கள். இல்லையென்றால் மூன்று வருடமும் வீண். கொண்டுபோனேன், எங்கள் தெரு முனையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மாட்டினான். டக் டக் டக். திரையில் ஒன்றும் வரவில்லை. அவன் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். திருகாணி ஓரமெல்லாம் துரு. "ஐயா, இது தண்ணில கிண்ணில விழுந்துச்சா?" என்றான்.

தண்ணீரில். நாலு மாசம் ஒரு சொட்டுத் தண்ணீர் பக்கத்தில் வராமல் காப்பாற்றியவனைப் பார்த்துக் கேட்கிறான். உப்புக் காற்றுத் துருடா அது, உன் கடை ஷட்டரில் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குப் பிள்ளை கேட்டாள். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள். "யப்பா, டிஸ்க்கை எங்க வச்சிருந்தீங்க?"

பீரோவில் என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பிரிட்ஜ் என்று சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவாள். அவளுக்குப் பாடம் எடுக்கிற பழக்கம். எனக்குப் பொறுமை கிடையாது. சுருக்கமாக முடியட்டும் என்று பீரோ என்றேன். "பீரோலயா? துணி வைக்கிற பீரோலயா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம், "சரிப்பா. அப்ப அது தானாத்தான் போயிருக்கு. உங்க மேல தப்பில்ல. பரவாயில்ல" என்றாள். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், கேட்டீர்களா? என்மேல் தப்பில்லை.

செலஸ்டின் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரோசம்மாள் வீட்டுக்குப் போய் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிஸ்க்குக்கு விரித்திருந்த வெள்ளைத் துணியைச் சுருட்டி எடுத்தாள், பாத்திரத்தை அந்த இடத்தில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றையிலிருந்து இன்னும் சரியாகப் பேசவில்லை.

டிஸ்க்கா? அது பிரீசரில்தான் இருந்தது. பிறகு எங்கே வைக்க?

மதுரைக்காரரை மாப்பிள்ளைதான் விசாரித்துக் கண்டுபிடித்தான். அவர் போனில் பிள்ளையிடம், "இனிமே கரண்ட் குடுக்காதீங்க, எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வாங்க" என்றாராம். எப்படி இருக்கிறது? குளிர்ந்து இருக்கிறது. அப்படியேதானே கொண்டுபோக வேண்டும்? விடியற்காலையில் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போய் உடைத்த ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் டிஸ்க்கைக் கட்டி, இந்தப் பெட்டியில் வைத்தேன். பெட்டி மட்டும் மீன் மார்க்கெட்டில் வாங்கினது. ஆகவே உங்கள் மூக்கில் குற்றமில்லை.

இன்னொன்றும் சொன்னாராம். எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். பீரோவில் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பாதிக்குமேல் வாய்ப்பு இருக்கிறது என்றாராம். உள்ளே தட்டு மாதிரி இருக்குமாம், பதிவெல்லாம் அதன்மேல்தான். படிக்கிற முள்ளு கெட்டிருந்தால் வேறு முள்ளு மாட்டி எடுத்துவிடலாம். ஈரம் போய்த் தட்டில் கறை பிடித்திருந்தால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். இதை நேற்று ரயிலிலிருந்து சொன்னாள். குரலே மாறியிருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி. "நல்லவேளை யப்பா, நீங்க பீரோல வச்சீங்க. எங்க வீட்லன்னா நான் சமையக்கட்டுலயே போட்டுருப்பேன்."

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

ம். ம். அருப்புக்கோட்டை தாண்டியாச்சு. சாப்பிட்டேன். நீ வெயில்ல நிக்காத, நெழல்ல போய் நில்லு. என்ன? இருக்கு. பையிலதான் இருக்கு. ஈரமா? ஈரம் எப்படிப் படும்? பையிலதானே இருக்கு. வை, வை. வாறேன்.

மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நிற்கிறாளாம். நான் கடையில் வந்து சேரச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். மூன்று மணிக்கு அவர் பார்ப்பாராம், ஆட்டோ பேசி வைத்திருக்கிறாளாம். எதிலும் அவசரம்.

தம்பி, அந்த ஜன்னலைத் திறங்கள். முன்னே சாத்தச் சொன்னேன், இப்போது திறக்கச் சொல்கிறேன், திறங்களேன். இந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பின் ஜன்னலில் யாரும் தலையை நீட்டவில்லையே? சரி. கண்டக்டர் பார்க்கிறார். பார்க்கட்டும். என்ன, என்ன சொல்கிறார்? "மீனு இல்லன்னீரே, தண்ணி எங்கேருந்துய்யா வருது?" இவரை ஒரு நாள் என் பட்டறையில் விட்டிருந்தால் திருத்தியிருப்பேன். ஐஸ் தண்ணீர் ஐயா, வெறும் ஐஸ் தண்ணீர். பெட்டியை அந்த சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுங்கள். கடைசியில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

இதோ. இதுதான் அது. பிளாஸ்டிக் பையைப் பிரித்துவிடுகிறேன். பார்த்தீர்களா, பைக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் கட்டின முடிச்சு.

ஜில்லென்று இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். ம். வேர்க்கிறது. வெளிக்காற்று பட்டதும் எதுவும் வேர்க்கும், அது இயல்பு. துண்டைக் கொடுங்கள். துடைத்தால் போய்விடும்.

போய்விட்டதா? மறுபடி வருகிறது. இன்னும் கொஞ்சம் துடைப்போம். அறையில் ஒரு தடவை துடைத்தால் நின்றுவிடும். நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன், உடனே வயரை மாட்டிவிடுவேன், அப்புறம் பார்த்ததில்லை. செய்தித்தாள் வைத்திருக்கிறீர்களே, படித்துவிட்டீர்களா? ஒரு தாளைத் தாருங்கள். விளம்பரப் பக்கம் போதும். சுற்றி வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளேயா? உள்ளே எப்படிப் போகும். இது நாலு பக்கமும் மூடின பெட்டி, தம்பி. கண்டதைக் கேட்காதீர்கள். இங்கே மட்டும் வரி வரியாகச் சந்து இருக்கிறது, சூடு வெளியே போக. அதற்குள் இன்னொரு உலோகப் பெட்டி தெரிகிறது, பாருங்கள், வெயிலில் பிடித்துப் பாருங்கள். அதன்மேல் சின்னதாக ஒரு ஓட்டை. ஊசி முனை அளவு. பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. எனக்குக் கண்ணாடி இல்லை. என்ன போட்டிருக்கிறது? இதை மூடாதே என்றா? எதற்காம்?

மூச்சு விடவா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இந்த வேலையா பார்க்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாரா? இவ்வளவு நேரம் சொல்லவேயில்லையே. நான் பேச விட்டால்தானே என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

காற்று போய் வருகிற ஓட்டை என்றால், பிரீசரிலிருந்து எடுத்ததும் அறைக் காற்று உள்ளே போயிருக்கும். உப்புக் காற்று. ஈரக் காற்று. குளிர்ந்த தட்டுமேல் போய் உட்கார்ந்திருக்கும். நான் மேலே துடைத்துக்கொண்டிருந்தேன்.

சிலுவைக்கு நான் சொன்னது கார்டுக்கு. இது டிஸ்க். இரண்டும் ஒன்று ஆகாது.

ஒன்றுதான் என்கிறீர்களா? சொல்ல வேண்டாம். வாத்தியார்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து எண்ணினால் பதினைந்து ஞாயிறு. ஒன்றுகூடத் தவறவில்லை.

இது என்ன, காரியாபட்டியா? இவ்வளவு சீக்கிரமா? அவ்வளவு நேரம் உருட்டிக்கொண்டு வந்தவர் இப்போது பறக்கிறார். இன்னும் முக்கால் மணி நேரத்தில் மாட்டுத்தாவணி. இன்னொரு தாளைத் தாருங்கள், இது நனைந்துவிட்டது. நீங்களும் அங்கேதானே இறங்குகிறீர்கள்? என்னோடேயே இறங்குங்கள். முன்னால் போய்விடாதீர்கள். வெளியாள் ஒருவர் பக்கத்தில் நின்றால் பிள்ளை அதிகம் பேச மாட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை. கையை நீட்டுவாள், நான் கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான்.

கையில் வாங்கினால் தெரிந்துவிடுமோ? நன்றாகத் துடைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் காய்ந்துவிட்டது, தொட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் மறுபடி வருகிறது.

பீரோ என்று சொல்லியிருக்கிறேன், தம்பி. பீரோ வேர்க்காது.